கிழங்கானுக்கு எங்கே போவது: கல்லுக்கா, கழிமுகத்துக்கா, ஏரிக்கா?

என் அக்காள் மகன் கொரட்டூரில் குடியிருக்கிறான். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஃபைபர் கோலும் ரீலும் வாங்கி, பக்கத்து ஏரியில் ஜிலேபி மீன் பிடித்துக் கை பழகியிருக்கிறான். இப்போது கடல் மீன் வேண்டுமாம், அதிலும் கிழங்கான்தான் வேண்டுமாம். அவனுடைய பத்து வயது மகள் முள்ளுக்குப் பயப்படாமல் சாப்பிடுகிற ஒரே மீன் அது. "மாமா, காலடிப்பேட்டைக் கல்லா, எண்ணூர் முகத்துவாரமா, பழவேற்காடா? ஒன்றைச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை போய்விடலாம்" என்று போனில் கேட்டான். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து, இந்த மூன்று இடங்களிலும் தூண்டில் நரம்பையும் ஈயத்தையும் கணக்கில்லாமல் தொலைத்தவனுக்கு ஒரு சொல்லில் பதில் வராது.

மூன்று இடத்திலும் கிழங்கான் இருக்கிறது. எந்த இடத்தில் மீன் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, எந்த இடத்தில் தரை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே சரி. ஏனென்றால் இது தரையை விட்டு எழும்பாத மீன். வஞ்சிரம் போல நடுநீரில் விரட்டி வேட்டையாடாது, மடவை போலக் கூட்டமாக மேலே துள்ளாது. மணலோடு மணலாக மேய்கிறது. அதன் உடம்பே அதற்கென்று செய்தது போல இருக்கும். பனங்கிழங்கு போல நீண்டு மூக்குப் பக்கம் கூர்ந்திருக்கும். முதுகு ஈர மணலின் நிறம், வயிறு வெள்ளி, துடுப்புகள் ஏறக்குறைய கண்ணாடி. முதுகில் முன்னால் பதினோரு மெல்லிய முட்கள் கொண்ட சின்னத் துடுப்பு, அதற்குப் பின்னால் வால் வரை ஓடும் நீளத் துடுப்பு. வாய் மிகச் சிறியது. இரையை எடுக்கும்போது அது சின்னக் குழாயாக முன்னே நீண்டு, மணலிலிருந்து புழுவை உறிஞ்சுவது போல எடுக்கும். புழு, இறால் குஞ்சு, மணலில் துள்ளும் சிறு ஓட்டுயிர்கள், இவைதான் சாப்பாடு.

ஆபத்து என்று பட்டால் மூக்கை மணலில் குத்தி உள்ளே புதைந்துவிடும். வலை தரையைத் தொட்டுக்கொண்டு வந்தால்கூட அடியில் பதுங்கித் தப்பிக்கும் சாமர்த்தியம் இதற்கு உண்டு. ஆழம் குறைந்த தெளிந்த நீரில் ஒரு முறை இதை நேரில் பார்த்தேன். என் நிழல் விழுந்தது, ஒரு பிடி மணல் புகை போல எழுந்தது, அடங்கியபோது மீன் இல்லை. இரண்டடி தள்ளிப் போயிருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அது என் கால் அருகிலேயே இருந்து, நான் நகர்ந்த பிறகு பாய்ந்து போனது.

சில்லாகோ சிஹாமா என்பது இதன் அறிவியல் பெயர். செங்கடல் பக்கம் ஆராயப் போய், 1763-இல் ஏமனில் காய்ச்சலில் இறந்துபோன பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற ஆய்வாளரின் குறிப்புகளிலிருந்து 1775-இல் அச்சேறிய பெயர் அது. முப்பது சென்டிமீட்டர் வரை வளரும் என்றாலும், நம் கரையில் தூண்டிலுக்கு வருவது ஒரு சாணுக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். முட்டை கடல் நீரில் மிதக்கும். பொரித்த குஞ்சுகள் கரையோர ஆழமற்ற நீருக்கும் கழிமுகத்துக்கும் வந்து வளரும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், எண்ணூரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதலில் கல். ராயபுரத்திலிருந்து காலடிப்பேட்டை வழியாக எண்ணூர் வரை கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் கல் வரிசைகளுக்குத் தூண்டில் வளைவு என்று அரசாங்கமே பெயர் வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த அரசாங்கச் சொற்களில் இது ஒன்று. தூண்டில் போடுவதற்கு வசதியாக யாரும் அதைக் கட்டவில்லை. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பியபோது அந்த மணல் தெற்கே தடைபட்டது. மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. தெருக்களைக் காப்பாற்றப் போட்ட கல்லில்தான் இன்று நாம் உட்கார்ந்து நரம்பை எறிகிறோம்.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் கிழங்கான் இருக்கும் இடமும் தெரிந்துவிடும். வடக்கே போகும் மணல் ஒவ்வொரு வளைவின் தென்பக்கத்திலும் தேங்குகிறது. அங்கே சிறு மணல் திட்டு, அதன் முன்னால் மெல்லச் சரியும் தரை, அலை உடைந்து புழுவையும் பூச்சியையும் கிளறிவிடும் ஓடை. கிழங்கானின் மேய்ச்சல் நிலம் அதுதான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நீரோட்டம் திரும்பித் தெற்கே ஓடும்போது இந்தக் கணக்கும் மாறும். மற்ற நாட்களில் தென்பக்கம்தான்.

ஆனால் கல்லுக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் என்ன செய்கிறார்கள்? முனைக்கு நடந்து போகிறார்கள். முனையில் நின்றால் கடலுக்குள் வெகு தூரம் வந்துவிட்ட திருப்தி. பாறை, கொடுவா, களவா என்று பெரிய மீனுக்குக் காத்திருப்பவர்களுக்கு அது சரியான இடம். கிழங்கானுக்கு அங்கே வேலை இல்லை. கல்லிடுக்கில் ஈயம் சிக்கும், இழுத்தால் நரம்பு அறும். நான் ஒரு காலையில் ஏழு ஈயக்குண்டை முனையில் கடலுக்குக் கொடுத்துவிட்டு, எட்டாவதைப் போட மனமில்லாமல் கரைப்பக்கம் திரும்பி வந்தேன். கல் தொடங்கும் இடத்தில், முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற ஒரு பெரியவர், கோல் இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் புட்டியில் சுற்றிய நரம்போடு, பையில் பதினைந்துக்குக் குறையாமல் கிழங்கான் வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, வெகு தூரம் போய்வந்தீர்கள் போலிருக்கிறது" என்றார். கேலி என்று நான் புரிந்துகொள்ள இரண்டு நாட்கள் ஆயிற்று.

கல்லின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நீர்மட்டத்துக்கு அருகே பாசி பிடித்த கல்லில் செருப்போடு ஏறினால் கால் கணுவுக்கு உத்தரவாதம் கிடையாது. கைபேசியை மேல் சட்டைப்பையில் வைத்துக் குனியக்கூடாது. இரண்டு கல்லுக்கு நடுவே விழுந்தால் எடுக்க வழியே இல்லை, என் பழைய நோக்கியா இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலை நேரத்தில் சில இடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். நல்லது என்னவென்றால், வீட்டிலிருந்து அரை மணி நேரம். தேரடியில் இட்லி கிடைக்கும். பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

அடுத்தது எண்ணூர் முகத்துவாரம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் எண்ணூர் என்று சொல்லியிருப்பேன். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் அது. நீரேற்றம் தொடங்கியதும் கடல் உள்ளே நுழையும், அதோடு மீனும் நுழையும். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் குறுகிய வாய் வழியாக அவ்வளவு நீர் போகும்போது தரை கிளறப்பட்டு மீன் மேய வரும். ஏற்றத்தின் முதல் இரண்டு மணி நேரத்தில் நரம்பைத் தரையோடு மெல்ல இழுத்தால் வெறுங்கையோடு திரும்பியதே இல்லை. இரைக்கும் அலைய வேண்டாம். தண்ணீரில் தவழ்ந்தபடி கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் அங்கே உண்டு. பிடித்த இறாலைப் போட ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் நீரில் கிடப்பார்கள். அவர்களிடம் உயிர் இறால் ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டால் காலை முழுவதும் போதும்.

இப்போது நிலைமை வேறு. அனல் மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்காகக் கசிந்து ஆற்றின் அடியில் படிந்திருக்கிறது. குளிர்விக்கப் பயன்பட்ட வெந்நீரும் அங்கே வந்து சேர்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தார் போல ஒதுங்கியது, ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் நேராகக் கழிமுகத்துக்குள்ளேயே பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடியின் வேர் எல்லாம் கறுத்துப்போயின.

இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். தூண்டில் போடுகிறவன் கையால் உணர்ந்த இன்னொன்று இருக்கிறது, அதற்குப் பெயர் காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்துக் கறுப்புச் சிப்பி அது. கப்பல்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. மணலிலும் சேற்றிலும் கம்பளம் விரித்தது போல ஒன்றோடு ஒன்று பின்னிப் படர்ந்துவிடும். முன்பு ஈயம் தரையைத் தொட்டால் விரலுக்கு மெத்தென்று இருக்கும், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். இப்போது பல இடங்களில் சொரசொரவென்று உரசுகிறது, பிறகு கவ்விக்கொள்கிறது. மணலுக்கு மேல் ஓடு மூடிவிட்டால் இறால் எங்கே புதையும், புழு எங்கே இருக்கும், புதைந்து தப்பிக்கும் கிழங்கான் எங்கே மூக்கைக் குத்தும்? குஞ்சுகள் வந்து வளரும் தொட்டில் என்று சொன்னேனே, அந்தத் தொட்டிலின் மெத்தையில் முள் விரித்தது போல.

அப்படியும் எண்ணூரில் கிழங்கான் கிடைக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். அங்கேயே பிறந்து அந்த ஆற்றை நம்பியிருக்கும் காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பத்துக்காரர்கள் வேறு எங்கே போவார்கள்? ஆனால் கேள்வி கேட்டவன் கொரட்டூர்க்காரன். அவனுக்கு வேறு வழி இருக்கிறது. பத்து வயதுக் குழந்தையின் தட்டில் வைக்கப் போகும் மீனை அந்தத் தரையிலிருந்து எடுக்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு. பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடலாமே என்றால், அதற்காக அந்தக் குஞ்சுகளைத் தொந்தரவு செய்வதில் எனக்கு விருப்பமில்லை. காலாற நடந்து பார்க்கப் போகலாம், பார்க்க வேண்டிய இடம்தான்.

மூன்றாவது, பழவேற்காடு. மீன் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் போட்டியே இல்லை. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி, அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நம் பக்கம் ஏரியும் கடலும் சேரும் இடத்தைச் சுற்றி மணல்தான். இடுப்பளவு நீரில் நூறடி நடந்தாலும் தரை மாறாது. என் வாழ்நாளின் பெரிய கிழங்கான் அங்கேதான் கிடைத்தது, என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட நீளம். கட்டை விரல் நீள இறால் வாலுக்கு வந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, இவ்வளவு சின்ன வாய்க்கு அது எப்படி என்று கேட்கிறார்கள். அன்று என் பின்னால் கடலுக்கு மேலே ஒரு வரிசை பூநாரைகள் பறந்தன என்றும் சொல்வேன், அதையும் நம்ப மாட்டார்கள்.

செலவு பணத்தில் அதிகமில்லை, நாளில்தான். கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். விடியலுக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவே தூக்கம் போய்விடும். இன்னொன்று, அந்த ஏரி சும்மா கிடக்கும் தண்ணீர் இல்லை. யார், எந்த நாளில், எந்தத் துறையில் வலை கட்டலாம் என்று முறை வைத்து மாற்றிக்கொள்ளும் பாடு என்ற ஏற்பாடு அங்குள்ள மீனவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. பொழுதுபோக்குக்கு வந்தவன் அவர்கள் வலை பக்கத்தில் தூண்டில் முள்ளை எறிந்து வலையைக் கிழித்தால் வாங்கிக் கட்டிக்கொள்வான், அது நியாயமும்கூட. கேட்டுவிட்டு நிற்க வேண்டும். நீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும், மணலில் திருக்கை படுத்திருக்கும். தேய்த்து வரும் கால் பட்டால் அது விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வால் முள்ளைத் திருப்பும். படகில் ஏற்றிப் போகிறேன் என்று யார் அழைத்தாலும் குழந்தையோடு ஏறக்கூடாது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே படகு கவிழ்ந்து இருபத்திரண்டு பேர் இறந்தார்கள்.

நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது, அதை அவன் கேட்கவில்லை. காசிமேட்டில் விடியற்காலையில் போய் நின்று வாங்கி வருவது. மனைவிமார்கள் எப்போதும் பரிந்துரைப்பது இதைத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் விலை ஏறும், மற்ற மாதங்களில் கணக்குப் பார்த்தால் தூண்டிலைவிட இதுவே மலிவு. அதைப் பற்றி மேலும் எழுத என் கௌரவம் இடம் தரவில்லை.

கருவி விஷயத்தில் அவன் ஏற்கெனவே தப்பு செய்திருக்கிறான். வாங்கி வைத்திருக்கும் முள் ஒவ்வொன்றும் கொடுவாவுக்கு ஆனது. கிழங்கானின் வாய்க்குள் அது நுழையாது, இரையை மட்டும் உரித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். சின்ன முள், நீளக் கழுத்து உள்ளது, எட்டு அல்லது பத்தாம் எண். நரம்பு மெல்லியதாக இருக்கட்டும். ஈயம் நரம்பின் அடியில், முள் அதற்கு ஒரு சாண் மேலே கிளையாக. இரை எதுவென்றால், சேற்றில் தோண்டிய கடற்புழுவுக்கு ஈடு இல்லை. கிடைக்காத நாளில் உரித்த இறாலைத் துவரம்பருப்பு இரண்டு சேர்ந்த அளவுக்குக் கிள்ளிப் போட்டால் போதும். எறிந்துவிட்டு அப்படியே வைக்காமல், ஈயம் தரையில் அங்குலம் அங்குலமாக நகரும்படி மெதுவாகச் சுற்ற வேண்டும். மணல் புகை எழும்பும் இடத்துக்குத்தான் அது வரும். ஆள்காட்டி விரலை நரம்பின் மேல் வைத்திருந்தால், கதவை யாரோ நகத்தால் தட்டுவது போல டொக், டொக் என்று இரண்டு முறை தெரியும். அப்போது கையை வெட்டி இழுக்கக்கூடாது, மெல்ல உயர்த்தினால் போதும்.

கூடவே வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். கீச்சான் வரும், பிடித்தால் கையில் கீச்கீச்சென்று கத்தும், குழந்தைக்கு வேடிக்கை, செவுள் முள் மட்டும் கவனம். கெளுத்தி வந்தால் வெறுங்கையால் தொடவே கூடாது, முதுகிலும் இரு பக்கமும் விஷ முள். பந்து போல ஊதிக்கொள்ளும் பேத்தை வந்தால் நரம்பை வெட்டி விட்டுவிட வேண்டும். சமைத்தாலும் போகாத விஷம் அது.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது, குழந்தை கூட வருகிறது, பிடித்ததைச் சாப்பிட வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஞாயிறுக்குக் காலடிப்பேட்டைதான், முனைக்குப் போகாமல் தென்பக்க மணலில். அங்கும் தண்ணீர் ஒன்றும் பன்னீர் இல்லை. ஆனால் திறந்த கடல், அலை ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்கிறது, நான் சாப்பிடுகிறேன். தலையையும் குடலையும் எடுத்துவிட்டு. மாசிக் கடல் குளம் போல இருக்கும், குழந்தையைக் கரையில் நிறுத்த அச்சமில்லை. பழவேற்காட்டைப் பள்ளி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளட்டும், இரண்டு நாளாக. அதற்குள் கையும் பழகியிருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சின்னது வந்தால் என்ன செய்வது மாமா?" என்றான். கோலின் அடியில் பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டுக்கொள், அதற்குக் கீழே இருந்தால் ஈரக் கையால் கழற்றித் தண்ணீரில் விடு என்றேன். நேற்று மாலை படம் அனுப்பியிருந்தான். மகள் தன் இளஞ்சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன், பக்கத்தில் வைத்த பள்ளிக்கூட அளவுகோலில் கோடு பதினேழில் விழுந்திருக்கிறது. சரிசெய்யச் சொல்லவில்லை.